மகாராணி சொன்ன பதில்

நல்ல காலணி இல்லாதவர்களை நான் காட்டுக்குள் கூட்டிப்போவதில்லை. உங்கள் காலணியைப் பார்த்ததும் அதுதான் ஐயா முதலில் தோன்றியது. இந்த அறையில் உட்கார்ந்து விசாரிக்க அது போதும். எங்கள் மலைக்கு வருவதாக இருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். அட்டை ஏறினால் பெரிய அதிகாரி, சின்ன அதிகாரி என்று பார்க்காது.

நீங்கள் எழுதி வைத்திருப்பதை வாசித்துக் காட்டினீர்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு இடம் தவறு. அந்த ஒன்றைத் திருத்தாமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது. அது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுடையது மேகம் வந்து உட்காரும் காடு. மழை இல்லாத நாளிலும் இலைநுனியில் தண்ணீர் சொட்டும். பாசி படராத கிளை ஒன்றைக் காட்டினால் உங்களுக்குச் சன்மானம் தருகிறேன். பறவை பார்க்க ஊர் ஊராய் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கொடுக்கும் பணத்தில் எங்கள் விடுதி மேனேஜர் பாழாய்ப்போன தோட்டங்களை வாங்கி மறுபடி காடாக்குகிறார். விருந்தினர் விடுதி வெறும் தகரக் கொட்டகையாக இருந்த காலத்திலேயே நான் அங்கே வழிகாட்டி. இப்போது இருக்கும் ஒற்றையடிப் பாதைகளில் பாதி நான் வெட்டியது. ஓட்டுநர் முதல் சமையல்காரர் வரை என்னை ‘ரூல்ஸ் அக்கா’ என்பார்கள். கிண்டல்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. விதி இல்லாத காட்டில் விருந்தினர் தொலைந்துபோவார்கள்.

ஒரு விதியை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டுக்குள் நாங்கள் கத்திக் கூப்பிடுவதில்லை, பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஒவ்வொரு வழிகாட்டிக்கும் ஒரு பறவையின் குரல்தான் பெயர். அதைச் சீட்டியடிப்போம். அந்தப் பறவை எங்கள் காட்டில் இல்லாத பறவையாக இருக்க வேண்டும். இருந்தால் ஆள் எது, பறவை எது என்று குழம்பும் அல்லவா? என்னுடையது ஆள்காட்டி. வயல்வெளிப் பறவை, எங்கள் உயரத்துக்கு வராது. அந்தக் குரல் கேட்டால் நான் வருகிறேன் என்று அர்த்தம்.

விருந்தினர் எல்லோரும் வருவது ஒரே ஒரு பறவைக்காக. புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. நாங்கள் மகாராணி என்போம், நினைத்தால்தான் காட்சி கொடுப்பாள் என்பதால். கைப்பிடி அளவு, மங்கிய பழுப்பு, தொண்டையில் ஒரு நீலப் பொட்டு. கூவினால் மூன்று இழுப்பு. மூன்றாவது இழுப்பு மேலே போய் அப்படியே நிற்கும். உலகத்தில் எஞ்சியிருப்பதே கொஞ்சம். நான் அந்தக் காட்டுக்கு வந்த முதல் வருடத்திலிருந்து அவளைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். உதடு வெடிக்கும்வரை கூப்பிட்டிருக்கிறேன். ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

பிறகு என் தங்கை வந்தாள்.

வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள் என்று வீட்டில் சும்மா இருந்தாள். அம்மா, “உன்கூடவே வச்சுக்கோடி, ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும்” என்றாள். நான்தான் மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். என் பழைய காலணியை அவளுக்குப் போட்டுவிட்டேன். முதல் மாதம் முடிவதற்குள், ஒரு காலையில் என் பின்னால் நடந்துவந்தவள் விளையாட்டாக உதட்டைக் குவித்து மகாராணியின் குரலை ஊதினாள். எதிர்ச்சரிவிலிருந்து மகாராணி பதில் சொன்னாள். மறுபடி ஊதினாள், மறுபடி பதில். அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, ஐயா, அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. “அக்கா, பேசுது பாரேன்” என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

அன்றோடு அவளுக்குச் ‘சீட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். விருந்தினர் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். முன்பதிவு செய்யும்போதே சீட்டிதான் வேண்டும் என்று கேட்டார்கள். தனக்கான குரலாக அவள் மகாராணியையே எடுத்துக்கொண்டாள். அது விதிக்கு விரோதம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். மேனேஜர் சிரித்துவிட்டு, “விடுங்கக்கா, அவளுக்கு அதுதானே பொருத்தம்” என்றார். ஓட்டுநர், “மகாராணிக்கும் சீட்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஆள் பொறந்து வரணும்” என்றார். எனக்கு வித்தியாசம் தெரியும். அவள் எவ்வளவு துல்லியமாக ஊதினாலும் அது மனுஷ மூச்சு. ஒரே நூலாக வரும். பறவைக்குத் தொண்டைக்குள் இரண்டு குரல் ஒன்றாக எழும். அந்த இரட்டை நூல் எனக்குக் கேட்கும். அங்கே வேறு யாருக்கும் கேட்காது, அவளுக்கே கேட்காது.

அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேறு பார்த்தாள். “உன் மூணாவது இழுப்பு வழுக்கி விழுதுக்கா. மூச்ச வயித்துல புடி” என்று என் வயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். வழிகாட்டிகள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சம்பவத்துக்கு முந்தின நாள் மேனேஜர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். “அடுத்த சீசன்ல இருந்து மலைமுகட்டு நடையைச் சீட்டி பாத்துக்கட்டும்க்கா. நீங்க ஆபீஸ்ல இருங்க. காலணி, மழைக்கோட்டு, முன்பதிவு எல்லாம் உங்க பொறுப்பு. முட்டி வலியோட எதுக்கு ஏறி இறங்கணும்?”

முட்டி வலி பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. வெளியே வந்து தங்கையிடம் கேட்டேன். “நான்தான் சொன்னேன். ராத்திரி எல்லாம் மொனகுறியே, எனக்கு மனசு கேக்கல” என்றாள். தைலப் புட்டியை எடுத்துவந்து என் காலைப் பிடித்துத் தேய்த்தாள். நானும் காலைக் காட்டினேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நான் அவளைத் தள்ளவில்லை. அதை நீங்கள் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள்.

மலைமுகட்டு நடையில் ஒரு வழிகாட்டி முன்னால் போய்ப் பாதையைப் பார்ப்பார். விழுந்த கிளையை ஒதுக்கிவிட்டு, வழி சரி என்றால் தன் குரலைக் கொடுப்பார். பின்னால் விருந்தினரோடு வருபவர் தன் குரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடப்பார். அன்று முன்னால் போனது அவள். பின்னால் நான். விருந்தினரில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஒலிப்பதிவுக் கருவியும் பெரிய ஒலிவாங்கியுமாக வந்திருந்தார். மகாராணியின் குரலைப் பதிவு செய்துவிட்டால் இன்னொரு தோட்டம் வாங்கப் பணம் தருவதாக மேனேஜரிடம் சொல்லியிருந்தார். மூடுபனி கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது.

அருவி வளைவுக்கு வந்தபோது குரல் கேட்டது. முன்னால் பாதையிலிருந்து கேட்கவில்லை. இடது பக்கம், கீழே பள்ளத்திலிருந்து வந்தது. ஒற்றை நூல். முதல் இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மழையில் பாதையோரம் கரைந்து சரிந்திருக்கிறது, அவள் விழுந்து கிடக்கிறாள், கத்த முடியாமல் சீட்டியடிக்கிறாள். மூச்சு இழுத்து இழுத்து வந்ததில் விலா எலும்பு போயிருக்கும் என்றும் நினைத்தேன். மேலும் ஒரு விஷயம்: அடர்ந்த பனியில் மகாராணி வாயே திறப்பதில்லை. இதெல்லாம் எங்கள் தொழிலில் பாலபாடம்.

பல் டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அதுவா?” என்று கிசுகிசுத்தார்.

பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவசரத்தில் வாய் தவறிவிட்டது என்று நீங்கள் நினைக்கக்கூடாது. அவர் முகத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னை மட்டும்.

“ஆமா. அதுதான்” என்றேன்.

ஒரு அம்மாள் அழுதேவிட்டார். எல்லோரையும் பாறைமேல் உட்காரச் சொன்னேன். பேசக்கூடாது, இருமல் வந்தால் துண்டில் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்றேன். பல் டாக்டர் பதிவுக் கருவியை ஓடவிட்டார். குரல் மறுபடி வந்தது. பிறகு நான் உதட்டைக் குவித்தேன்.

ஆள்காட்டியின் குரலை நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நான் வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்ததாகிவிடும். பொய்வாக்குக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. மகாராணியின் குரலைத்தான் ஊதினேன். மூன்றாவது இழுப்பு வழக்கம்போல வழுக்கியது. அப்படி ஊதுவது யார் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

பதில் உடனே வந்தது. நான் முடிக்கும் முன்பே வந்தது என்றுகூடச் சொல்லலாம். விருந்தினர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பல் டாக்டர் என்னை நோக்கி இரு கையையும் கூப்பினார். நான் மறுபடி ஊதினேன். மறுபடி பதில். அந்தக் காலை முழுவதும் அப்படியே நடந்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அங்கேயே ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டோம். நேரம் போகப்போகப் பதில்களுக்கு நடுவே இடைவெளி கூடியது. பொழுது ஏறினால் பறவைகள் கூவுவதைக் குறைத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். அது உண்மையும்கூட. கடைசியில் இரண்டு இழுப்போடு நின்றுவிட்டது. “பசி எடுத்திருக்கும், புழு தேடப் போயிருப்பா” என்றேன். எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள். முன்வழிகாட்டியின் குரல் வராமல் மேலே ஏறக்கூடாது என்பது விதி. ஆகவே திரும்பினோம்.

விடுதியில் மேனேஜர், “சீட்டி எங்கக்கா?” என்று கேட்டார். “முகட்டுக் குடிசைக்குப் போயிருப்பா. என்னைக்கு அவ என்கிட்ட சொல்லிட்டுப் போனா?” என்றேன். அந்தக் குடிசையில் அவள் தங்குவது உண்டு என்பதால் அவர் நம்பிவிட்டார். அம்மா தொலைபேசியில் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். மறுநாள் தேடப்போனவர்கள் அருவி வளைவுக்குக் கீழே அவள் உடலைக் கண்டெடுத்தார்கள். பொழுது சாயும்வரை உயிர் இருந்திருக்கும் என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னாராம். அது எனக்குப் புதுச் செய்தி. குரல் நின்றபோதே முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

பல் டாக்டர் அந்தப் பதிவை யாரோ ஆராய்ச்சியாளருக்கு அனுப்பியதும், அவர் அதைக் கணினியில் போட்டுப் பார்த்து, இது பறவையே இல்லை, மனிதர் என்று எழுதியதும், பிறகு நீங்கள் வந்ததும் உங்களுக்கே தெரியும். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, “நீ என்னடி பண்ணுவ, உன் காது உன்னை ஏமாத்திருச்சு” என்றாள். மேனேஜரும், “யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்கக்கா, சீட்டி அவ்வளவு அச்சா ஊதுவா” என்றார். நீங்களும் அதையே எழுதியிருக்கிறீர்கள்: ‘பறவையின் குரல் என்று தவறாக எண்ணி.’

திருத்த வேண்டியது அந்த வரிதான். அடித்துவிடுங்கள். இத்தனை வருடத்தில் நான் ஒரு குரலையும் தவறாக எண்ணியது கிடையாது. அந்த ஆராய்ச்சியாளருக்குக் கணினி வேண்டியிருந்தது. எனக்கு ஒரு இழுப்பு போதுமாயிருந்தது. அது என் தங்கை என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன், தெரிந்துதான் ஊதினேன், தெரிந்துதான் திரும்பி வந்தேன். ஒரு கயிறும் இரண்டு ஆளும் இருந்தால் தூக்கியிருக்கலாம். கயிறு என் பையில் இருந்தது. சாகட்டும் என்று விட்டேன். இப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் என்னை ஏமாற்றும் அளவுக்கு ஊதினாள் என்று மட்டும் ஒரு காகிதத்திலும் இருக்கக்கூடாது.

இன்னும் ஒன்று. அந்தப் பதிவு உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒருமுறை போட்டுக் கேளுங்கள், முடிந்தால் எனக்கும் போட்டுக் காட்டுங்கள். நான் கூப்பிட்டதும் எவ்வளவு வேகமாகப் பதில் வருகிறது என்று கவனியுங்கள் ஐயா. என் தங்கை கூப்பிட்டபோது மகாராணி ஒருநாளும் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை.