தொண்டைக்குப் பின்னால ஒரு குழா

இல்ல சார், வரிசையாத்தான் சொல்லுவேன். மேடையில பேசிப் பழகின வாயி இது. மொதல் அநியாயம், எங்க நகரி டாக்டரு. சோறு நெஞ்சுலயே நிக்குதுன்னா, கேஸுன்னு சொல்லி மாத்திரை குடுத்தாரு. வருசக்கணக்கா துன்னேன். ரெண்டாவது, எங்க வூட்டம்மா பச்சையம்மா. எவனோ மருந்து வெச்சிட்டான்னு விஜயபுரத்துல மருந்து எடுக்கறவகிட்ட இஸ்துகினு போனா. அங்க ஒருத்தி என் வயித்து மேல குழா வெச்சி உறிஞ்சி, முடி உருண்டைய எடுத்துக் காட்டறா. மூடநம்பிக்கை ஒழியணும்னு நோட்டீஸு அடிச்சிக் குடுத்த கையி சார் இது! கம்முனு குந்திகினு இருந்தேன். பசி அப்பிடி.

மூணாவது, சிரிக்கக் கூடாது. தறிக்காரங்க கூலிக்காக தாசில்தார் ஆபீஸ் முன்னால உண்ணாவிரதம் இருந்தேன். ஒரு வழியா மொதலாளிங்க கொஞ்சம் ஏத்தறேன்னு ஒத்துக்கினாங்க, தாசில்தாரே வந்து வாழப்பழம் உரிச்சி என் வாயில வெச்சாரு. எறங்கல. அவரு சட்டை மேலயே துப்பிட்டேன். ஜனம் இன்னா நெனச்சிது? தலைவரு ஒத்துக்கலன்னு ஒரே விசிலு! அடைச்சிக்கினு எனக்குப் பேச்சே வரல. மறுபடியும் பட்டினி. அதனாலதான் கூலி ஏறிச்சின்னு இன்னும் பேசிக்கினு திரியறானுங்க.

பாத்தீங்களா, நீங்களும் சிரிக்கிறீங்க.

இந்தத் திருப்பதி ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தப்புறம்தான் தெரிஞ்சிது. வலது கைக்குப் போற ரத்தக்குழா பொறப்புலயே வழி தப்பிடிச்சாம். சோறு எறங்குற குழாவுக்குப் பின்னால பூந்து போவுது. வயசாவ வயசாவ இறுகி, அதை அமுக்குது. அறுத்து, கழுத்துல ஓடுற குழாவோட சேத்துத் தைக்கணுமாம். இதுக்கு யாரை எதிர்த்துக் கோஷம் போடறது சொல்லுங்க? மொதலாளியும் இல்ல, கவர்மெண்டும் இல்ல. எங்கம்மா வயித்துக்குள்ள நடந்தது.

பயமா? கத்திக்கா? போலீஸ் தடி துன்ன ஒடம்பு சார்.

வேற ஒண்ணு. தைக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே கொரலுக்குப் போற நரம்பு இருக்குதாம். அது அடிபட்டா வெறும் காத்துதான் வருமாம். திங்கக்கெழம மொதலாளிங்களோட பேச்சுவார்த்தை.

எங்க சங்கத்துல எனக்கப்புறம் யாருன்னு காயிதத்துல எழுத மாட்டோம். ஒரு தபா கள்ளக் கையெழுத்துப் போட்டு ஏமாத்திட்டானுங்க. வாயால சொல்லணும், வெளியாளுங்க ரெண்டு பேரு காதால கேக்கணும். நீங்க பக்கத்துக் கட்டிலு, ஊரு நாயுடுபேட்டை, எங்க சண்டையில சேராதவரு. உங்க வூட்டம்மாவையும் கிட்ட வரச் சொல்லுங்க.

ஒக்க நிமிஷம் பாபு, ஒரே நிமிஷம், ஆபரேஷனுக்குத் தள்ளினு போற வண்டி அங்கயே நிக்கட்டும். வரேன்.

சங்கக் கூட்டத்துல எழுந்து, பேசினது போதும் ஒக்காரு பெருசுன்னு என்னைச் சொன்னவ சார். எனக்கு அவளைப் பிடிக்காது. வேற யாரு கீறாங்க? நல்லாக் கேட்டுக்குங்க, நீயும் கேட்டுக்கம்மா. நகரி விசைத்தறித் தொழிலாளர் சங்கத்துக்கு எனக்கப்புறம், பாலையா மருமக, அகிலா.

அகிலா.