மோட்டார் லைனில் சொருகிய கம்ப்யூட்டர்

ஆகஸ்ட் 19, செவ்வாய்.

நேற்று இந்த நோட்டில் ஒரு தப்பு எழுதிவிட்டேன். யாரும் தொடாமல் கம்ப்யூட்டர் எழுந்தால் பவர் பட்டன் சிக்கியிருக்கும் என்று. வேறு காரணமும் உண்டு. இன்று மாலை கம்ப்யூட்டர் வகுப்பில் கரண்ட் போனது. ஒரே செல்போன் வெளிச்சத்தைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தோம். கூடப் படிக்கும் ஜெயப்பிரியா சொன்னாள், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் அவள் அண்ணன் கார்த்திக்குக்கு நடந்தது.

போன வாரம் ஒரு ராத்திரி, மணி ஏழு இருக்கும். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் சாலை. ஏரிக்கரை தாண்டினால் விளக்கே கிடையாது... கார்த்திக்கின் வண்டிச் சத்தம் மட்டும். கழனி நடுவே ஒற்றை வீடு. வாசலில் வளர்மதி நின்றிருந்தாள்.

"அந்த மிஷின நிறுத்திடு கண்ணு. இல்லனா இவரும் போயிடுவாரு."

மிஷின் அவள் மகன் தமிழ்வாணனுடையது. லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர். பம்புசெட்டுக்கான மூணு பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் பையன் அதை மோட்டார் லைனில் சொருகி வைத்தான். கரண்ட் வந்தால் தானே எழும். எழுந்ததும் அவன் பதிந்து வைத்த குரல் பேசும்: "நைனா, கரண்ட் வந்துட்ச்சி. எந்திரி." அப்பா சுப்பிரமணி டார்ச்சோடு போய் மோட்டார் போடுவார்.

ஆனி மாதத்தில் ஒரு ராத்திரி. குரல் கூப்பிட்டது. சுப்பிரமணிக்குக் காய்ச்சல். "நீயே போயிட்டு வாடா" என்றார். மோட்டார் கொட்டகைத் தரையெல்லாம் ஈரம். சுவிட்சில் கை வைத்த பையன்... திரும்பவில்லை.

குரல் மட்டும் நிற்கவில்லை. அது கூப்பிடும்போதெல்லாம் சுப்பிரமணி எழுந்து போனார். கழனியில் பயிர் கிடையாது. வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நின்றுவிட்டு வருவார்.

"ஜெயா அக்கா, செல்ல மட்டும் அணைச்சிடாத" என்றான் வகுப்பிலேயே சின்னவனான ஜான். யாரும் சிரிக்கவில்லை.

கார்த்திக் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கரண்ட் வந்தால் எழு என்ற அமைப்பை மாற்றினான். தொடக்கத்தில் குரலைப் போடும் கட்டளையை எடுத்தான். வீட்டு லைனில் பிளக்கைச் சொருகினான். மிஷினுக்குள் இருக்கும் விசிறிகூடச் சுற்றவில்லை. பிடுங்கி மறுபடி சொருகினான். அமைதி.

"முட்ச்சிட்டியா?" சுவரோரத்திலிருந்து சுப்பிரமணி.

"முடிஞ்சிதுங்க."

"நல்லா பட்ச்ச புள்ள. எம்புள்ளய ஊமயாக்கிட்ட."

வளர்மதி மிஷினைச் சாக்கில் கட்டிக் கொடுத்தாள். "இங்க இருந்தா இவரு மறுபடி சொருகிடுவாரு. எட்த்துக்கினு போயிடு."

மறுநாள் விடியுமுன் வளர்மதிக்கு விழிப்பு வந்தது. கம்பிச்சுருள் கருகிய வாடை. தூரத்தில் மோட்டார்... ம்ம்ம்ம்... பதறித் திரும்பினாள். கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கொட்டகைச் சாவி அவள் இடுப்பில். ஓடிப் போய்ப் பார்த்தாள். பூட்டு பூட்டியபடி கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு போட்டது?"

"அவந்தான்" என்றார் சுப்பிரமணி. "தலமாட்டுல வந்து நின்னான். 'நீ படு நைனா, நான் போறேன்'னான்."

அதன் பிறகு கரண்ட் வந்த ஒவ்வொரு ராத்திரியும் அப்படித்தான்.

இன்று மத்தியானம் சுப்பிரமணி கார்த்திக்குக்குப் போன் செய்தாராம். குரலில் கோபமே இல்லை. "மிஷின கொண்டாந்து வெச்சிடு தம்பி. அவன் என்ன எழுப்பட்டும், நானே போறேன். புள்ளய தெனிக்கும் அந்த ஈரத்துக்கு அனுப்பிக்கினு, நான் படுத்துக்கினு கீறேன்... என்னால ஆவல."

போனை வளர்மதி வாங்கினாள். "வெச்சிடு கண்ணு. இனிமே நானும் இவரு கூட போறேன்."

கார்த்திக் தனியாகப் போக மாட்டேன் என்கிறானாம். நான் கூட வருகிறேன் என்று ஜெயப்பிரியாவிடம் சொல்லிவிட்டேன்.

நாளை, புதன்: அவனோடு சாலவாக்கம் சாலைக்குப் போக வேண்டும். கரண்ட் வந்தால் எழும் அமைப்பைத் திருப்பி வைக்க வேண்டும். எடுத்த கட்டளையை நான் படிக்க, அவன் டைப் அடிக்க வேண்டும். மோட்டார் லைனில் பிளக்கைச் சொருக வேண்டும். குரல் கட்டில் வரை கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.