மெராந்தி வேரில் ஒரு பெயர்

மழைக்காலத்தில் ரவாங் ரயில் நேரத்துக்கு வராது. அன்று வந்தது. மலாயா ரயில்வேயில் கணக்கெழுதும் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒழுங்கைக் கண்டால் சொல்லாமல் இருக்க முடியாது.

அந்த மெராந்தி மரத்தைப் பற்றித்தானே முதலில் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. பட்டையைச் சுற்றிலும் வளையமாகச் செதுக்கி, தோட்டத்தில் லாலான் புல்லைக் கொல்ல அடிக்கும் மருந்தை அதில் பூசியது நான்தான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் விஜயன் காட்டு இலாகாவில் உதவியாளன். அந்த மரத்தடியில் ஒரு காளானைக் கண்டான். ஊதா நிறக் குடை, கிள்ளினால் பச்சை மாங்காய் வாசனை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனமாம். என்னை அழைத்துப்போய் மண்ணைக் கிளறிக் காட்டினான். வேர்நுனிகளை வெள்ளை இழைகள் உறைபோலப் போர்த்தியிருந்தன.

"மரம் இதுக்குச் சோறு போடுதுப்பா. இது மரத்துக்குத் தண்ணி இழுத்துக் கொடுக்குது. மரம் செத்தா இதுவும் போயிரும்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இலாகாவின் வெள்ளைக்காரத் துரை அவனையே விவரித்து எழுதிப் பெயர் வைக்கச் சொல்லியிருந்தார். முற்றிய காளான்கள் கையில் இருந்தன. மொட்டுகள் மட்டும் கிடைக்கவில்லை. அவையும் கிடைத்தால்தான் விவரிப்பு நிறைவாகும், மழைக்காகக் காத்திருக்கிறேன் என்றான்.

மொட்டு விடுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு பெண்ணை வைத்திருந்தான். மாரியாயி. காட்டில் புதர் வெட்டுகிறவள். அவள் வீட்டுத் தண்ணீர் எங்களுக்கு ஆகாது. அவளைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று அதற்கு முந்தைய ஆண்டே கேட்டான். முடியாது என்றேன். என் மகள் சந்திரகலாவைக் கிள்ளானிலிருந்து ஒரு நல்ல குடும்பம் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. அவன் எதிர்த்துப் பேசவில்லை. நல்ல பிள்ளை.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். "கல்யாணம் வேண்டாம்ப்பா. காளானுக்கு அவ பேரை மட்டும் வச்சுக்கிறேன்."

எப்படி அச்சாகும் என்று கேட்டேன். முதலில் காளானின் குலப்பெயர், அடுத்து மாரியாயி, அதையொட்டி விவரித்தவன் பெயர், விஜயன். உலகத்தில் எவர் எழுதினாலும் அப்படித்தான் எழுத வேண்டுமாம். பிறகு மாற்றவே முடியாதாம்.

அவள் பெயர், அவன் பெயர், பக்கத்தில் பக்கத்தில். கல்யாணப் பத்திரிகையில் வேறு என்ன ஐயா போடுகிறார்கள்?

நான் அவன் காலில் விழுந்தேன். எவன் முன்னாலும் குனியாதவன், பெற்ற பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு, வேறு எந்தப் பெயரையாவது வை என்று கெஞ்சினேன்.

"எந்திரிங்கப்பா. காளான்தானே," என்றான்.

அதன்பின் எனக்கு இருந்த வழி அந்த மரம் ஒன்றுதான். மொட்டு விடுமுன் மரம் செத்துவிட்டால் விவரிப்பு நின்றுபோகும், பெயரும் நின்றுபோகும். செதுக்கிய இடத்தில் சேற்றைப் பூசி மறைத்தேன். மீதி மருந்தைப் பக்கத்து ஊற்றில் கொட்டினேன். வேர்கள் அங்கிருந்துதான் நீர் எடுக்கின்றன. ஊற்றோரம் ஒரு கொட்டாங்கச்சி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியும்.

கிளம்பும் நேரத்தில் அவள் வந்துவிட்டாள்.

"ஐயா! இம்புட்டுத் தூரம் வந்தீங்களா? சின்னையா வரலீங்களா?" தலைத்துணியை அவிழ்த்து முகம் துடைத்தாள். "மொட்டு விட்டிருச்சுங்க, அந்தப் பக்கம். காலையிலதான் பார்த்தேன். இதுக்கு எம்பேரு வைக்கப் போறாராம். மாரியாயின்னு பேரு வச்சா ஆடுகூட மேயாதுன்னு சொன்னேன், கேக்கமாட்டேங்கிறாரு."

சிரித்துக்கொண்டே கொட்டாங்கச்சியை எடுத்தாள். மொண்டாள். எனக்கும் நீட்டப்போய், என் முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். மரியாதை தெரிந்த பெண்தான். தானே குடித்தாள். இன்னொரு முறையும் மொண்டு குடித்தாள்.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அவர்கள் எதைக் குடிக்கிறார்கள் என்பதில் நாங்கள் தலையிடும் வழக்கமில்லை.

மரத்தடியில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். நான் மொட்டுகளை மிதித்து நசுக்கிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். அவள் எப்போது இறந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அதை டாக்டரிடம் கேளுங்கள்.

பின்னாலிருந்து கூப்பிட்டாள், அது காதில் விழுந்தது. ஐயா என்று கூப்பிட்டிருந்தால் நிச்சயம் திரும்பியிருப்பேன். நான் இரக்கம் இல்லாதவன் அல்ல.

அவள் "மாமா" என்றாள்.