அம்மனுக்குத் தெரிந்தது

பெரியபாளையம் போகும் பஸ்சில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள்.

"எனக்கு வேல கெடைக்கலன்னு அம்மனுக்குத் தெரியும்டா. எங்கம்மாவுக்குத்தான் தெரியாது," என்றான் ஒருவன்.

"ஏன்டா பொய் சொன்ன?" என்றான், ஃபேக்டரி யூனிஃபார்மில் இருந்த நண்பன்.

"ஐ.டி. கம்பெனில தூக்குனதுலேர்ந்து தேடிக்கினுதான் கீறேன். ஒவ்வொரு இன்டர்வியூ முடிஞ்சி வர்றப்பவும் அம்மா வாசல்ல நின்னு என் மூஞ்சியப் பாக்கும். போன வாரம் தாங்க முடியல. கெடைச்சிடுச்சின்னுட்டேன். இன்னிக்கு வேப்பிலையையே சேலையா கட்டி வேண்டுதல முடிக்க வந்துகீது."

"இப்பவாவது சொல்லிடு."

"இன்னான்னு சொல்றது?"

கோயில் நிறுத்தம் வந்தது. முன்பக்கம் உட்கார்ந்திருந்த அவன் அம்மா வேப்பிலைக் கட்டோடு எழுந்து, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னாள்: "உன் புள்ளைக்கும் இங்கயே வேண்டிக்கோமா. என் புள்ளைக்கு அம்மன் வேல குடுத்தா இல்ல?"

அவன் கட்டை வாங்கிக்கொண்டு இறங்கினான்.