நல்லா பாத்தீங்களா?

நெருங்கி உட்காருங்கள். பேய் இருட்டில்தான் வரும் என்று எவன் சொன்னான்? இது பட்டப்பகலில் நடந்தது... மதியம் இரண்டு மணி. ஓடுபாதைக்குப் பின்னால், விமானக் கொட்டகைக்குப் போகிற ஆளில்லாத ரோடு. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

அந்த ரோட்டில் போனவர் என் அக்கா வீட்டுக்காரர். விமான ரேடார் பழுது பார்ப்பவர். விமானத்தின் மூக்குக்குள் ஒரு தட்டு இருக்கும். எதிரே இருக்கிற மழைமேகத்தைக் கண்டுபிடித்து, பைலட்டின் திரையில் நிறமாகக் காட்டும். பச்சை என்றால் தூறல். சிவப்பு என்றால்... ஒதுங்கிப் போய்விட வேண்டும்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஒரு கேப்டன், ரேடார் மங்கலாகத் தெரிகிறது என்று விமானத்தின் பழுதுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார். மூக்கைக் கழற்றிப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆகும். வெளியே கேட்டில், காருக்குள் அத்தானுக்காக நான். சினிமாவுக்கு நேரமாகிறதே என்று மூன்று தடவை ஹாரன் அடித்தேன். அத்தான் மூக்கைத் தொடவே இல்லை. 'சோதித்தேன், சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கேப்டன் கேட்டாராம். "நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

அன்றைக்கே அந்த விமானம் ஆலங்கட்டி மழையில் மாட்டிக்கொண்டது. திரையில் சிவப்பே வரவில்லை. முன்கண்ணாடி உடைந்து கேப்டன் செத்துப்போனார். பக்கத்து பைலட் எப்படியோ இறக்கிவிட்டார். மூக்கு நொறுங்கிப்போனதால் சாட்சி இல்லை. புத்தகத்தில்தான் சரி என்று இருக்கிறதே! கேப்டன் ரேடாரைக் கவனிக்கவில்லை என்று பழியைச் செத்தவர் தலையில் போட்டார்கள். "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லைங்க" என்று அவர் மனைவி விசாரணையில் அழுதாராம். அத்தான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சரி, அந்த மதியத்துக்கு வருகிறேன். கொட்டகையில் நின்ற வேறொரு விமானம். அத்தான் தனியாக ஏறி, சோதனைக்காகத் திரையைப் போட்டார். நிறம் நிறமாகப் பட்டைகள் வர வேண்டும். வந்தது ஒரே சிவப்பு. அணைத்தார்... சிவப்பு போகவில்லை. மூக்குப் பக்கம் ஆலங்கட்டி விழுகிற மாதிரி டக்... டக்... டக். நனைந்த கம்பளிச் சீருடை வாடை. கேப்டன் சீட் யாரோ உட்கார்ந்த மாதிரி மெல்ல அழுந்தியது.

"நல்லா பாத்தீங்களா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டாமா?

"பாத்தேன் சார்" என்றாராம் மனுஷன்!

பிறகு...

"ஹாரன் அடிச்சது யாரு?"

அதற்கு மட்டும் அத்தான் பொய் சொல்லவில்லை. என் பேரைச் சொன்னார். கேட்காமலே விலாசத்தையும் கதவு எண்ணோடு சொன்னார். "பயத்துல உளறிட்டேன் மச்சான்" என்று என்னிடம் வந்து அழுதார். எந்த முகத்தோடு நான் அவரைத் திட்டுவது?

சிரிக்காதீர்கள். அது இந்த வீட்டு விலாசம்தான்.

தினமும் மதியம் இரண்டு மணிக்கு வாசலில் மூன்று ஹாரன் கேட்கிறது. கேப்டனின் மனைவிக்கு உண்மையை எழுதிவிடலாம் என்று காகிதத்தை எடுப்பேன். முதல் வரியைத் தாண்டியதில்லை. கதவைத் திறந்தால் யாரும் இருப்பதில்லை. மிதியடி மட்டும் நனைந்து கிடக்கும். மழை பெய்து மூன்று மாதமாகிறது.

நீங்கள் உள்ளே வரும்போது அதை மிதித்துத்தானே வந்தீர்கள்... காலில் சில்லென்று படவில்லை?