மன்னர் படுத்த பள்ளம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வது உடம்புக்கு நல்லது என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார், ஐயா. விசாரணை அதிகாரியான உங்களுக்கே இப்போது ஒரு கொட்டாவி வந்தது, அதைக் கோப்பால் மறைத்துக்கொண்டீர்கள். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வழக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் இந்த அரண்மனையில் பதினாறு வருடமாகக் காவலாளி. அரண்மனை என்பது பேச்சுக்குத்தான், இப்போது அருங்காட்சியகம். மன்னர் போய் டிக்கெட் கவுன்ட்டர் வந்துவிட்டது. என் பொறுப்பில் இருப்பது கடைசி மன்னரின் படுக்கையறை. ஒரு கட்டில், அதன்மேல் பஞ்சு மெத்தை, சுற்றிலும் சிவப்புக் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு மர ஸ்டூல். முதுகு சாய்க்க வழியில்லாத ஸ்டூல். இந்த விவரத்தைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

தினமும் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை பார்வையாளர்களுக்குக் கதவு அடைப்பு. அந்த ஒரு மணி நேரம் மெத்தை சும்மாதான் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதன் பதினாறு வருடம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான் என்று எதிர்பார்த்தது நிர்வாகத்தின் தவறு. ஆனாலும் நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. செருப்பையும் தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுவேன். மன்னருக்கு உரிய மரியாதையில் ஒரு குறையும் வைத்ததில்லை.

இடது பக்கம் ஒருக்களித்து, கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, முழங்காலை மடக்கினால்தான் எனக்குக் கண் அசரும். வருடக்கணக்கில் ஒரே ஆள் ஒரே மாதிரி படுத்தால் பஞ்சில் பள்ளம் விழத்தான் செய்யும். அதை நான் கவனிக்கவில்லை. கவனித்தது டேப் அம்மா.

டேப் அம்மா எங்கள் ஆராய்ச்சியாளர். அளக்காமல் எதையும் நம்ப மாட்டார். கழுத்தில் தாலி இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் இருக்கும். ஒரு நாள் காலையில் கயிற்றைத் தாண்டிப் போய் மெத்தையை அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். மாட்டிக்கொண்டேன் என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அண்ணே, இது மன்னர் படுத்த பள்ளம்ணே," என்றார். "இத்தனை காலமா இங்கேயே இருந்திருக்கு, ஒருத்தரும் பாக்கல. ஆறடி நாலு அங்குலம்னு எல்லா ஏட்டுலயும் புளுகி வச்சிருக்காங்க. காலை நீட்டிப் படுத்தாக்கூட அஞ்சடி ரெண்டு அங்குலத்தைத் தாண்டாது. தொப்பை வேற."

தொப்பை என்றது எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இருபது வருடமாக உடைந்த பானை ஓடுகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தவர் அந்த அம்மா. அழுகைக்கு நடுவே அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அடுத்தவர் சந்தோஷத்தில் மண்ணைப் போடுவது என் சுபாவமில்லை. திறந்த வாயைக் கொட்டாவியாக்கி மூடிக்கொண்டேன்.

ஒரே மாதத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் 'மன்னரின் உறக்கத் தடம்' என்று பித்தளைப் பலகை வந்தது. கூட்டம் அலைமோதியது. மன்னர் குழந்தை மாதிரி சுருண்டு படுத்திருக்கிறாரே, பாவம், எவ்வளவு கவலையோ என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படி ஒன்றும் பெரிய கவலை இல்லை என்று சொல்லவா முடியும்?

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் விடுப்பு எடுத்தேன். எட்டாம் நாள் டேப் அம்மா வீட்டுக்கே போன் செய்தார். "அண்ணே, மன்னர் மேல எழும்பி வர்றாருண்ணே. ஒரு விரற்கடை ஏறிட்டாரு." பஞ்சு அப்படித்தான், அழுத்தம் இல்லையென்றால் உப்பும். அன்று மாலையே ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு போய், ஒரு பொருளை மறந்து வைத்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லி, காய்ச்சலோடு ஒரு மணி நேரம் படுத்துவிட்டு வந்தேன். அதுவரை நான் படுத்தது என் சொந்த விஷயம். அதற்குப் பிறகு படுத்ததெல்லாம் பணி. நான் அங்கே தூங்கவில்லை ஐயா, பள்ளத்தைப் பராமரித்தேன். குறட்டை கேட்டதாகச் சிலர் சொல்வார்கள், அது பழைய கட்டிடம்.

இதற்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பத்து கிலோ இளைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எப்படி இளைப்பது? தொப்பையின் அளவு அதற்குள் நாலு கட்டுரையில் அச்சாகிவிட்டது. என் மனைவி தட்டில் பாதியைக் குறைத்தாள், நான் பக்கத்துக் கடையில் போய் மீதியைச் சாப்பிட்டு ஈடுகட்டினேன். "ஏங்க, செத்துப்போன ராஜாவுக்காக நீங்க சாகணுமா?" என்று கேட்டாள். பெண்களுக்கு வரலாற்று உணர்வு கொஞ்சம் குறைவு.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மன்னரின் போர்க்கவசம்.

படுக்கையறைக்கு அடுத்த ஆயுதக் கூடத்தில், உயரமான மரச்சட்டத்தில் அது நின்றது. எட்டாத உயரத்தில் இருந்ததால் அதன் சரியான அளவு யாருக்கும் தெரியாது. ஒரு நாள் டேப் அம்மா சொன்னார்: "அடுத்த வாரம் கவசத்தை இறக்கி அளந்துட்டா என் புத்தகம் முடிஞ்சுதுண்ணே. பள்ளத்துல அது அச்சா உக்காரும் பாருங்க." அன்று மதியமே நான் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். அந்தக் கவசத்துக்குள் நானும் என் மனைவியும் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம்.

அந்த அம்மா மனம் உடைந்து போவார். அதனால் அதை அப்புறப்படுத்தினேன். ஆறு நாளில், பகுதி பகுதியாக. தலைக்கவசம் சாப்பாட்டுப் பையில் போனது. கைக்கவசங்களைக் குடைக்குள் சொருகினேன். மார்புக் கவசத்தைச் சீருடைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். வாசல் காவலாளி என் முதுகில் தட்டி, "அண்ணே, உடம்பு கல்லு மாதிரி ஆயிடுச்சே, எக்சர்சைஸா?" என்றான். எல்லாம் அகழியில், தென்மேற்கு மூலையில், படித்துறைக்குக் கீழே இருக்கிறது. முதல் நாளே சட்டத்தின் மேல் ஒரு போர்வையைப் போட்டு 'பராமரிப்புப் பணி' என்று அட்டை மாட்டினேன். ஒரு வாரம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டேப் அம்மா அளக்க வந்து போர்வையை விலக்கியபோதுதான் கவசம் காணோம் என்று தெரிந்தது.

ஆயுதக் கூடத்துக் காவலாளி மீசை. பதினான்கு வருடமாக என் நண்பன், ஒரே மேசையில் டப்பாவைத் திறப்போம். அட்டையை மாட்டியது மேலிடம் என்று நினைத்துக்கொண்டு தினமும் அந்தப் போர்வையைத் தூசு தட்டி வைத்தான். நிர்வாகத்தார் அவனைத் திருடன் என்று சந்தேகித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. முன்னொரு முறை மகள் ஆசைப்பட்டாள் என்று அந்தத் தலைக்கவசத்தை மட்டும் ஏணி வைத்து இறக்கிப் போட்டுக்கொண்டு அவன் எடுத்த போட்டோ அவர்கள் கையில் கிடைத்துவிட்டது. அவனுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அவன் அதைப் போட்டுப் பார்த்தது உண்டா என்று என்னைக் கேட்டார்கள். உண்டு என்றேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

"நீயாவது நம்புறியாடா?" என்று கேட்டான், பணியிடை நீக்க உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு. நம்புகிறேன் என்றேன். அவன்மேல் குற்றமில்லை என்பதை இந்த ஊரிலேயே என்னைவிட உறுதியாக நம்பியவர் யாரும் கிடையாது.

கவசம் போன பிறகு டேப் அம்மாவை மறுக்க ஒரு பொருளும் மிஞ்சவில்லை. புத்தகம் வந்தது. முன்வாசலில் நின்ற மன்னர் சிலையை உண்மையான உயரத்துக்குக் கொண்டுவர, முழங்காலோடு அறுத்து, பாதத்தை ஒட்டவைத்தார்கள். இப்போது மன்னரின் வாள் அவருக்கு முன்னால் தரையைப் போய்த் தொடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் தினமும் வேலைக்கு வரும்போது அவருக்கு ஒரு வணக்கம் வைப்பேன். இருவரும் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவு வசதி.

நான்கு மாதம் சும்மா இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வரும் வெள்ளிக்கிழமை மீசையை நிரந்தரமாக வேலையிலிருந்து தூக்கப்போகிறார்கள். நண்பனுக்காக வந்தேன். நாளைக் காலை பத்து மணிக்கு மெத்தையைக் கிடங்குக்கு எடுத்துப் போய்விட்டு, பள்ளத்தோடு அச்சு எடுத்த ஃபைபர் மெத்தையைக் கட்டிலில் வைக்கப்போகிறார்கள் என்பதும் உண்மைதான். நேற்றுத்தான் சுற்றறிக்கை வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஃபைபரைத் தொட்டுப் பார்த்தேன், பாறை மாதிரி இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதால் அந்த மெத்தை இப்போது வழக்கின் சாட்சியப் பொருள். அதை இருந்த இடத்திலிருந்து யாரும் நகர்த்தக்கூடாது, இல்லையா? இன்றைக்கே அறைக்கு சீல் வைத்துவிடுங்கள். சாட்சியம் உருமாறவும் கூடாது, பஞ்சு உப்பிவிடும். தினமும் ஒன்றரை மணிக்கு என்னை அழைத்து வந்தால் போதும். விலங்கோடு வேண்டுமானாலும் படுக்கிறேன். இடது கை மட்டும் கன்னம் வரை வர வேண்டும்.

அது முடியாது, வேறு ஆளைத்தான் போடுவோம் என்றால் அதற்கும் நான் குறுக்கே நிற்கவில்லை. மீசையை மட்டும் போட்டுவிடாதீர்கள். தங்கமான மனிதன், அவன்மேல் ஒரு குற்றமும் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். ஆனால் ஆறடி ஒரு அங்குலம், ஐயா. மல்லாந்து படுப்பான்.