தண்ணீர் வரிசை

மருந்து ஆராய்ச்சிக்கூடத்து எலிக் கூண்டில் மரத்தூள் மாற்றுவதில் எனக்குக் கை சுத்தம் ஐயா. பதினாறு வருஷத்தில் ஓர் எலிகூட என்னைக் கடித்ததில்லை.

பழைய கட்டடத்து எலிகளுக்கு ஊசி போட்டால் மூன்றாம் வாரம் பாதம் வீங்கும், மனிதர்களுக்கு மூட்டுவாதம் வருவதுபோல. புதிய கட்டடத்தில் காற்று, தீனி, தண்ணீர் எல்லாம் கிருமி நீக்கியவை. அங்கே பிறந்த எலிகளின் குடலில் ஒரு கிருமியும் இராது. அவற்றுக்கும் அதே ஊசி. பிறகு ஒரு வரிசைக்குப் புது மருந்து, இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். இரண்டிலும் வீக்கம் வரவில்லை.

குடலில் கிருமி இல்லாமல் வாதமே வராது போலிருக்கிறது, மருந்தின் பலனை இதில் பார்க்க முடியாது, முதலிலிருந்து தொடங்க ஒரு வருஷமாகும் என்றார் அந்த மருந்தைக் கண்டுபிடித்த டாக்டரம்மா.

என் தங்கைக்கும் மூட்டுவாதம். அவள் விரல்கள் அதற்குள் கோணிவிடும். அவளுக்கு நான்தான் தலை பின்னிவிடுவேன். எலிவால் பின்னுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்பாள்.

பழைய கட்டடத்து அழுக்கு மரத்தூளைப் பையில் எடுத்துவந்து, தண்ணீர் வரிசைக் கூண்டுகளில் மட்டும் ஒவ்வொரு பிடி போட்டேன். மருந்து வரிசையைத் தொடுமுன் கையுறை மாற்றினேன். கிருமிப் பரிசோதனைக்கு எலிப் புழுக்கை அனுப்புவதும் நான்தான். சுத்தமான கூண்டிலிருந்தே அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வரிசை நொண்டியது. மருந்து வரிசை ஓடியாடியது. டாக்டரம்மா கண் கலங்கினார்.

மனிதர்களிடம் சோதிக்க அனுமதி வந்தது. முப்பத்திரண்டு பேர். கெஞ்சிக் கேட்டு என் தங்கையை முதல் ஆளாகச் சேர்த்தேன். சேர்பவர்கள் பழைய மாத்திரையை நிறுத்த வேண்டும். நிறுத்துமுன் அவள் கேட்டாள்.

"அண்ணா, மருந்து குடுத்த எலிக்கு நிஜமாவே வீங்கலையா?"

"வீங்கலடி."

அது பொய்யில்லை.

நான்கு மாதத்தில் முழங்கை மடங்கவில்லை. தாடை ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. நான் ஊட்டுகிறேன். மற்ற முப்பத்தோரு வீடுகளில் யார் ஊட்டுகிறார்களோ தெரியாது.

போன வாரம் சிரிக்கப் பார்த்தாள். "உன் எலிக்கு இருக்கற அதிர்ஷ்டம் எனக்கு இல்ல போல. விடுண்ணா, நீ என்ன பண்ணுவே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அவள் மனசு தாங்காது ஐயா. அதனால்தான் இன்று காலையும் புது மாத்திரையைப் பொடித்து, அவள் நாக்கில் வைத்துவிட்டு இங்கே உங்கள் விசாரணைக்கு வந்தேன்.